ஓணான் பெட்டியின் குழாய்

மகளின் ஓணானுக்குத் தச்சர் தம் கையாலேயே கண்ணாடிப் பெட்டி செய்தார். தண்ணீர் தேங்கினால் அதன் காலில் புண் வருமென்று அடியில் ஓட்டை போட்டு, கூழாங்கல் பரப்பி, குழாய் செருகி, கீழே வாளி வைத்தார். தினமும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு மாதமாகியும் வாளியில் ஒரு சொட்டு விழவில்லை. பெட்டிக்குள்ளும் ஈரமில்லை.

"ஒரு ஓட்டைகூட உங்களுக்கு ஒழுங்கா போடத் தெரியல," என்றாள் மனைவி.

தச்சருக்குச் சுருக்கென்றது. தரையில் படுத்து, குழாய் நுனியில் வாய் வைத்து, தம் கட்டி ஊதினார். அவர் நிறுத்தியதும் உள்ளேயிருந்து யாரோ வெதுவெதுப்பாகத் திருப்பி ஊதினார்கள். அவருடைய கன்னங்கள் இரண்டும் பலூன் மாதிரி உப்பின.

மகள் வீட்டுப்பாட நோட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"நிறுத்தாதீங்கப்பா. இப்ப உங்க முறை."