மாற்றுத் திருகாணி

"போலித் தோடு யாருகிட்டம்மா பொய் சொல்லுச்சு?" என்று என் மகள் ஆறு வயதில் கேட்டாள். பழைய நகை வாங்கும் கடையில் சோதிப்பவள் நான். அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது.

நேற்று ராபியா என்ற பெண் தன் அம்மாவின் வைரத்தோட்டை விற்க வந்தார். நகையைச் சோதிக்கும் கருவியில் வைத்தேன். "போலி. நொறுக்கப்படும்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி அது அறிவித்தது. போலி என்று அது சொல்லிவிட்டால் நகை அங்கேயே தூளாகும். கொண்டுவந்தவர் பெயர் மோசடிக்காரர் என்று எல்லாக் கடைகளுக்கும் போய்விடும்.

"எங்கம்மா முப்பது வருஷம் போட்டதுங்க."

முதலாளி சிரித்தார். "முப்பது வருஷமா ஏமாந்திருக்காங்க."

நொறுக்கும் தட்டு மூடுவதற்குள் தோட்டை எடுத்தேன். ஒரு திருகாணி மட்டும் வேறு நிறமாக இருந்தது. அதைக் கழற்றிவிட்டுத் தோட்டை மட்டும் மறுபடி வைத்தேன்.

"அசல்" என்றது கருவி.

"மன்னிப்புக் கேளுங்க சார்" என்றேன் முதலாளியிடம்.

"மெஷின் சொன்னதுக்கு நான் எதுக்குக் கேக்கணும் செசிலி?"

"உங்க வீட்டம்மா காதுல இருக்கறதும் மாத்துத் திருகாணிதான். நான்தான் போட்டுவிட்டேன். அவங்களும் மோசடியா?"

அவர் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார்.

ராபியா அந்தத் திருகாணியை எடுத்து என் கையில் வைத்தார். "பஸ்ல எங்கம்மாவோடது தொலைஞ்சப்ப, யாரோ ஒரு அக்கா தன் காதுலேருந்து கழட்டிக் குடுத்தது. திருப்பிக் குடுக்கணும்னு சாகுற வரைக்கும் சொன்னாங்க. நாளெல்லாம் காதப் பாக்கறவங்க நீங்க. யாருக்காச்சும் குடுத்துடுங்கக்கா."

மாலைப் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் அசந்து தூங்கினாள். திருகாணி இல்லாமல் அவள் தோடு பாதி வெளியே வந்திருந்தது. கர்த்தரை நினைத்துக்கொண்டு, ராபியா தந்த திருகாணியை அவள் விழிக்காதபடி திருகிவிட்டு, என் நிறுத்தத்தில் இறங்கினேன்.