ஒசத்திப் பித்தளை

எத்திராஜ், சுட்ட தோட்டாவின் பித்தளை உறையைத் தூக்கிப் போடமாட்டார். அதிலேயே மறுபடி மருந்தும் குண்டும் அடைத்துச் சுடுவார். துப்பாக்கிப் போட்டிக்கு முந்தின நாள் அவர் மேசைக்கு ஒரு வெளிநாட்டு உறை வந்து சேர்ந்தது.

"தள்ளி நில்லு," என்றது அது, பக்கத்திலிருந்த பழைய உறையிடம். "என் விலைக்கு உன்னை மாதிரி ஒரு கூடை வாங்கலாம். என்கிட்டேர்ந்து கிளம்புற குண்டு நடுப்புள்ளியைத் தவிர வேற எங்கேயும் போகாது."

பழைய உறை பயந்து ஓரமாக உருண்டு நகர்ந்தது. நாளைக்குத் தோற்றால் காயலான் கடைதான்.

மறுநாள் போட்டியில் எத்திராஜ் முதலில் வெளிநாட்டு உறையைப் போட்டுச் சுட்டார். குண்டு நடுப்புள்ளிக்கு ஒரு சாண் தள்ளி இடப்பக்கம் துளைத்தது. அடுத்துப் பழைய உறை. அதன் குண்டும் அந்தத் துளையை ஒட்டியே போய்த் துளைத்தது.

புல்லில் கிடந்த இரண்டு உறைகளும் திருதிருவென்று விழித்தன.

"அண்ணே, உங்க குண்டு எப்படி என் குண்டுக்குப் பக்கத்துல?" என்றது பழையது.

"காத்து," என்று முனகியது வெளிநாட்டு உறை.

துப்பாக்கிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காத்தும் இல்லை, கீத்தும் இல்லை. விசையை இழுக்கும்போதெல்லாம் இந்த மனுஷன் கண்ணை இறுக்கி மூடிக்கிறார். நீங்க ஏண்டா அடிச்சுக்கறீங்க?"

எத்திராஜ் உறைகளைப் பொறுக்கித் துடைத்துப் பைக்குள் போட்டார். பிறகு துப்பாக்கியை மேலும் கீழும் பார்த்துவிட்டு பக்கத்தில் நின்ற நண்பரிடம் சொன்னார்:

"உறையில குத்தமில்லை, சார். துப்பாக்கியைத்தான் மாத்தணும். இருக்கறதுலயே ஒசத்தியா ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க."

பைக்குள்ளே இரண்டு உறைகளும் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு சிரித்தன.