சந்தைச் சுவரில் ஒரு மூக்கு

ஊர்க் குளத்தை முள்வேலி போட்டுத் தனக்கென்று வளைத்துக்கொண்டார் எருமைத் தலைவர். கோடன் என்ற அணில் சந்தைச் சுவரில் அவர் படத்தைக் கரியால் வரைந்து, பன்றி மூக்கு ஒன்றையும் ஒட்டவைத்தான். பார்த்தவர்கள் எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

சடைச்சி என்ற பன்றிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நேரே கோடனிடம் போனாள்.

"ஏன் தம்பி, குளத்தை வளைச்சது அவர். நடுவுல என் மூக்கு என்ன பண்ணுச்சு?"

"அவரை அசிங்கப்படுத்தத்தான் அக்கா..." என்று இழுத்த கோடன், அவள் முகத்தைப் பார்த்ததும் சந்தைச் சுவருக்கு ஓடினான். சுவரேறி அந்த மூக்கை அழித்தான். "இப்ப எதை வரையட்டும்?"

"அவர் மூஞ்சியையே வரை. அவர் குளத்துல கிடக்கறதையும், வேலிக்கு வெளியே நாம நாக்கு வறண்டு நிக்கறதையும் வரை."

கோடன் வாலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டான். "பன்றி மூக்குன்னா, இது நீங்க இல்லைன்னு அவர்கிட்ட சொல்லித் தப்பிச்சுக்கலாம். அவர் மூஞ்சின்னா என் வாலை நறுக்கிடுவாங்க அக்கா."

"என் முதுகுல நின்னு வரை. வர்றவங்களுக்கு நான் பதில் சொல்றேன்."

பட்டப்பகலில், சந்தைக் கூட்டத்தின் நடுவே அவன் வரைந்து முடிக்கும்வரை சடைச்சி அசையவில்லை. காவல் நாய்கள் ஓடிவந்து உறுமின.

"யார் வரையச் சொன்னது?"

"நான்தான்," என்றாள்.

நாய்கள் படத்தை அண்ணாந்து பார்த்தன. அவற்றுக்கும் தாகம்தான்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றவர்கள், ஒவ்வொருவராகக் குளத்தை நோக்கி நடந்தார்கள். கோடனைச் சுமந்தபடி சடைச்சி முன்னால் போனாள்.