உலக முடிவில் மூட்டம்

“டடி, எதுக்கு மாலுபானை ஒவ்வொண்டா பொலித்தீன்ல சுத்தினீங்க? இங்க பொலித்தீன் உள்ள விடமாட்டாங்க எண்டு நேற்றே படிச்சுப் படிச்சுச் சொன்னனான் தானே!”

ஹோர்ட்டன் சமவெளியின் வாசலில் நின்றுகொண்டு றஷ்மி பல்லைக் கடித்தாள். அங்கே பையைச் சோதிக்கிற மனிதர் பாவம், சிரித்துக்கொண்டே மீன் வைத்த அந்தப் பணிஸ்களை ஒவ்வொன்றாக உரித்துப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் முந்திக்கொண்டு போய்விட்டார்கள்.

“மறந்து போச்சு மகள்,” என்றார் ஹியூபேட். குரலில் வருத்தம் மருந்துக்கும் இல்லை.

காலையிலிருந்தே இப்படித்தான். நுவரெலியா விடுதியில் இரண்டாவது பிளேன்டீ கேட்டார். வேனில் ஏறுகிற நேரம் பார்த்து, செபமாலை சொல்லி முடிக்கவேண்டும் என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கொட்டாஞ்சேனையில் பூசைக்கு அரை மணி முந்தியே போய் முன் வாங்கில் இடம் பிடிக்கிற மனிதர், இன்றைக்கென்று ஆமையாகிவிட்டார். ஒக்டோபர் மழைக்காலம். சமவெளி அறுந்து விழுகிற ‘உலக முடிவு’ என்ற இடத்துக்கு ஒன்பது மணிக்குள் போய்ச் சேராவிட்டால் மூட்டம் வந்து மூடிவிடும். பிறகு அந்த மலை விளிம்பில் நின்று எதைப் பார்ப்பது?

ஹியூபேட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். “மேல இருந்து கப்பலைத் தீப்பெட்டி மாதிரிப் பாத்திட்டன். உலக முடிவில நிண்டு ஒருக்கா கீழ பாக்கோணும்,” என்று றஷ்மி சின்னப் பிள்ளையாக இருந்தபோதே சொல்லுவார். இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று இழுபட்டுக்கொண்டே போனது. அதற்குள் கண்ணில் பிரஷர் வந்துவிட்டது. பார்வை மங்கத்தான் செய்யும், ஆனால் முழுக்கப் போக இரண்டு வருஷமாவது ஆகும் என்று டொக்டர் சொன்னார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் றஷ்மி லண்டன் வேலைக்குச் சம்மதித்தாள். வருகிற செவ்வாய்க்கிழமை பயணம். வத்தளையில் அவளுடைய புருஷனும் பிள்ளையும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

“எல்லாத்தையும் கைவிட்டாலும் பரவாயில்ல டடி, கண்ணு தெரியாம உங்களத் தனிய விட்டுட்டு நான் போகமாட்டன்,” என்று போன ஞாயிறு கொட்டாஞ்சேனைக்கு அவரைப் பார்க்க வந்தபோதும் சொன்னாள்.

“அதான் தெரியுதே மகள்,” என்றார் அவர்.

பாதை ஒரே கல்லும் சேறும். ஹியூபேட் மகளுடைய பை வாரைப் பிடித்துக்கொண்டு அடி அடியாக வைத்தார். புல்வெளி ஓரத்தில் ஒரு மரை மான் நின்றது.

“டடி, அங்க பாருங்க, மரை!”

“ஓம் ஓம். என்ன வடிவான கொம்பு!”

“கொம்பா? அது பெட்டை மரை, டடி.”

“தூரத்தில என்ன விளங்குது... பின்னால இருக்கிற மரக்கொப்பா இருக்கும்,” என்று சிரித்தார். சிரித்த கையோடு குனிந்து, சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினார்.

“டடி! பிளீஸ்! கெதியா வாங்க!”

எதிரே ஒரு கூட்டம் திரும்பி வந்தது. “மீதும தமய், முகுத் பேன்னே நே,” என்று ஒருவர் கையை விரித்தார். ஒரே மூட்டம், ஒன்றும் தெரியவில்லையாம்.

றஷ்மிக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழவேண்டும் போல் இருந்தது. ஆனாலும் விடவில்லை. அவரை இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

உலக முடிவு வெள்ளையாகக் கிடந்தது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளமும் இல்லை, வானமும் இல்லை. மிச்சமிருந்த இரண்டு பேரும் போனைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள்.

“என்னால ஒண்டுமே செய்ய ஏலாமப் போச்சு டடி,” என்று அவள் உடைந்துபோனாள். “இவ்வளவு வருஷம் கேட்டீங்க. வத்தளையில இருந்துகொண்டு உங்கள ஒரு நாள் கூட்டிவரல்ல. இப்ப கண்ணு இருக்கேக்க காட்டுவம் எண்டு வந்தா, இதுவும் இல்ல.”

“சீ, அழாத. வந்ததே போதும்.” ஹியூபேட் ஒரு கல்லைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு நிம்மதி. காலையிலிருந்து இப்போதுதான் அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. “மாலுபான் ஒண்டு தா. பேப்பர் மணக்குதா பாப்பம்.”

அந்த நேரத்திலும் பகிடி. அவளுக்குக் கோபம்கூட வந்தது.

“இன்னும் கொஞ்சம் இருப்பம் டடி.”

“இருந்தென்ன? இனி விலகாது. வா போவம்.”

“இல்ல, இருப்பம். பிளீஸ்.”

இருந்தார்கள். குளிர் எலும்புக்குள் போனது. மனதுக்குள் தெரிந்த புனிதர்களையெல்லாம் கூப்பிட்டாள். கடைசியில் அதையும் விட்டுவிட்டாள். சரி, இவ்வளவுதான் என்று எழும்பிப் பையைத் தோளில் மாட்டினாள். ஹியூபேட்டும் எழும்பி, வாரைப் பிடித்துக்கொண்டு வேலிப் பக்கம் முகத்தை வைத்து நின்றார்.

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு காற்று வந்தது. சத்தமில்லாமல் மூட்டம் இரண்டாகப் பிரிந்தது. கால்மாட்டிலேயே மலை அறுந்து இறங்க, ஆழத்தில் தேயிலைத் தோட்டம், அதற்குள் வளைந்து போகும் வீதி, தூரத்தில் பளபளக்கும் ஒரு குளம், எல்லாம் ஒரேயடியாக வந்து நின்றன.

 றஷ்மி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தான் ஒன்றும் சொல்லக்கூடாது, முதல் வார்த்தை அவருடையதாக இருக்கட்டும் என்று அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஹியூபேட் அந்தப் பள்ளத்தாக்கை நேருக்கு நேர் பார்த்தபடி அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

“நான் சொன்னனான் தானே மகள், இந்த மூட்டம் விலகாது எண்டு. நீ லண்டனில இருந்து லீவுக்கு வா, அப்ப வந்து பாப்பம்.”