ஒளிந்திருந்த கண்

"அக்கா, திருடனைப் பிடிச்சு வெளியே தள்ளிட்டேன். ஆனா போற போக்குல வீட்டுச் சாவியைக் கையோட கொண்டுபோயிட்டான்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த தம்பி திரும்பாமலே சொன்னான். தேநீர்க் கோப்பையுடன் வந்த அக்கா அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடா சொல்றே?"

"அத்தானை வாழ்த்திட்டுப் போகலாம்னு வந்தேன். அவர் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள இதைக் கொஞ்சம் சுத்தம் பண்ணி வைப்போம்னு பாத்தா, உள்ளே ஒரு உளவு புரோகிராம். திரையில இருக்கிறதைக் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை படம் பிடிச்சு யாருக்கோ அனுப்பிட்டே இருந்திருக்கு. அதை எடுத்தேன். கூடவே நெட்டும் போச்சு."

"நெட் இல்லையா?" அவள் உள்ளே வந்து கோப்பையை மேசையில் வைத்தாள். "இன்னும் அரை மணி நேரத்துல இண்டர்வியூடா."

"தெரியும். அதான் பாத்துட்டிருக்கேன்."

ஜன்னலோரம் அவள் கணவன் சட்டைக் கையை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றிருந்தான். கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவன் தொழில். கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது வீட்டுக்கு வந்தவன், இந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். முகம் மழிப்பதில்லை, பேச்சும் இல்லை. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் இல்லாட்டி உனக்கு ஒரு பாரம் குறையும்" என்றான். அன்றிலிருந்து அவள் ஆபீசிலிருந்து மணிக்கொரு தரம் போன் செய்தாள். "நான் என்ன கைக்குழந்தையா?" என்று அவன் எரிந்து விழுந்ததும், போன் செய்வதை நிறுத்திவிட்டாள்.

இப்போதுதான் முதல்முறையாக ஓர் இடத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். வரைந்த வீடு ஒன்றைத் திரையில் திறந்து, அறை அறையாகக் காட்டி அவன் விளக்க வேண்டும்.

"என் போன்ல பேசட்டுமே?" என்றாள்.

"போன்ல அந்த வரைபடம் திறக்காதுக்கா. போன்லேர்ந்து இதுக்கு நெட் கொடுத்தும் பாத்துட்டேன், அதே கதைதான். கோளாறு லைன்ல இல்லை, இந்தப் பெட்டிக்குள்ள."

"பேசாம விட்டிருக்கலாம்ல நீ. நல்லா ஓடிட்டிருந்ததை..."

"நல்லா சொன்னே போ. எவனோ வீட்டுக்குள்ள ஒளிஞ்சு உக்காந்து பாத்துட்டிருக்கான். நெட் வருதேன்னு அவனுக்கு டீ போட்டுக் கொடுக்கச் சொல்றியா?"

"மாப்ள," என்றான் கணவன் மெதுவாக. "யாரு, என்னன்னு அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல நெட்டைக் கொண்டுவா."

தம்பி அமைப்புகளைத் திறந்தான். "இங்க பாருங்க அத்தான். எது போனாலும் வந்தாலும் தன் வழியாத்தான் போகணும்னு அது மாத்தி வெச்சிருக்கு. வாட்ச்மேனை வேலையை விட்டு அனுப்பியாச்சு. அவனைக் கேக்காம யாரும் தாண்டக்கூடாதுங்கிற போர்டு மட்டும் இன்னும் கேட்டுல தொங்குது. அதான் வண்டியெல்லாம் வரிசையா நிக்குது."

ப்ராக்ஸி என்றிருந்த இடத்தில் டிக்கை எடுத்தான். இணையப் பக்கம் திறக்கவில்லை.

"இன்னொரு போர்டும் இருக்கு போல." கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து விறுவிறுவென்று தட்டினான். "நெட் சம்பந்தப்பட்டது எல்லாத்தையும் பழையபடி ஆக்கச் சொல்லியிருக்கேன். இனி ஒரு தடவை அணைச்சுட்டுத் திரும்பப் போடணும். வரலைன்னா என்னைத் திட்டாதீங்க."

"வரலைன்னா நீ இந்த வீட்டுப் பக்கமே வராதே" என்றாள் அக்கா.

திரை இருண்டு, சின்ன வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது. அது சுற்றிக்கொண்டே இருந்தது. கணவன் கடிகாரத்தைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். நெடுநாளைக்குப் பிறகு இஸ்திரி போட்ட சட்டை. இது கைநழுவினால் மறுபடி அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். கைக்குட்டையை முறுக்கி முறுக்கி அவள் விரல்கள் சிவந்துவிட்டன.

"ஒண்ணு மட்டும் உறுத்துதுக்கா" என்றான் தம்பி. "இது வெளியாள் வேலை இல்லை. யாரோ இதே நாற்காலியில உக்காந்து கையால போட்டிருக்காங்க. படம் யாருக்குப் போகுதுங்கிற விலாசத்தை எடுத்து வெச்சிருக்கேன். பாத்தா ஆளு யாருன்னு தெரிஞ்சுடும்."

"வேண்டாம்டா." அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "இந்த நேரத்துல எதுக்கு அதெல்லாம்?"

"ஒரு நிமிஷ வேலைதானே?"

"வேண்டாம்னா விடேன்."

தம்பி அவளை ஏற இறங்கப் பார்த்தான். அதற்குள் திரை வெளிச்சமானது. அவன் ஒரு பக்கத்தைத் தட்ட, அது பளிச்சென்று திறந்தது.

"வந்துடுச்சு" என்று நாற்காலியில் சாய்ந்தான். "அக்கா, இனிமே நான் வீட்டுக்கு வரலாம்ல?"

கணவன் நாற்காலியை வாங்கிக்கொண்டு வரைபடத்தைத் திறந்தான். இரண்டு மாடி வீடு. படிக்கட்டு, பலகணி, சமையலறை மேடை, எல்லாம் மெல்லிய கோடுகளில் விரிந்தன.

"பிரமாதம் அத்தான். இவ்வளவையும் எப்போ வரைஞ்சீங்க?"

"படுக்கையை விட்டு எழுந்திருக்கவே பிடிக்காத நாள்கள்ல." காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். "மாப்ள, இண்டர்வியூ முடிஞ்சதும் நீ எடுத்ததைத் திரும்பப் போட்டுடு."

"எதை, அந்த உளவு புரோகிராமையா?"

"ஆமா. அந்தப் படத்தைப் பாத்தாத்தானே ஆபீஸ்ல உங்க அக்காவுக்குச் சாப்பாடு இறங்கும்?"

அவள் கையிலிருந்த கைக்குட்டை நழுவி விழுந்தது. அவன் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"நான் இருக்கேன்னு உனக்குத் தெரியணுமேன்னு, அடுத்த படம் போறதுக்குள்ள எழுந்து வந்து ஒரு கோடு போட்டுட்டுப் போவேன். அப்படிப் போட்டதுதான் இந்த வீடு."