தாய்மாமன் கார்

மாப்பிள்ளை அழைப்புக்குத் தனபாலின் கார்தான் என்று முடிவானதும் சுப்பையனுக்கு வயிறு எரிந்தது.

"கல்யாணப் பொண்ணு மதுமதிக்குத் தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன். சித்தப்பன் காருல மாப்பிள்ளை வாரதா?" என்று தங்கை சித்ராவிடம் குதித்தார்.

"உங்க காரு பின்னாடி வரட்டுங்கண்ணா. சம்பந்தியம்மாவை ஏத்திக்கோங்க."

பின்னாடியா! இரண்டும் ஐம்பதுகளில் வந்த ஒரே மாடல் அமெரிக்கக் கார்கள். தனபால் தன் காருக்குத் தானே மெக்கானிக். சுப்பையனோ கோழிப்பண்ணைக்காரர். கோழிக்குச் சளி பிடித்தால் கண்டுபிடிப்பார், காருக்கு என்ன வந்தாலும் டிரைவரைக் கூப்பிடுவார். டிரைவர் அன்றைக்கு லீவு.

தனபால் மண்டபத்தில் டிபன் சாப்பிடப் போன நேரம், சுப்பையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தனபால் காரின் சுவரோரம் மறைவாக இருந்த இடது முன்சக்கரத்தின் அருகே உட்கார்ந்தார். ஆளைக் கொல்லும் எண்ணமில்லை, அதற்குத் தைரியமும் இல்லை. மேளக்காரர் நடக்கிற வேகத்தில் போகும் கார். சக்கரம் ஆடினால் மாப்பிள்ளை இறங்கி இவர் காரில் ஏறுவார், அவ்வளவுதான்.

வீல் கப்பை நெம்பி எடுத்து, ஸ்பேனரை இடப்பக்கமாகத் திருப்பினார். நட்டு லேசாகச் சுற்றி, அப்புறம் சிக்கிக்கொண்டது. துரு போலிருக்கிறது. ஏறி மிதித்தார். எல்லா நட்டுக்கும் அதே வைத்தியம்.

"போதும்டா சுப்பையா, உன் மூஞ்சிக்கு இந்த அயோக்கியத்தனமே ஜாஸ்தி" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

பிறகு தன் கார் நட்டும் லூசாக இருந்தால் என்னாவது என்று பயம் பிடித்தது. செல்போன் வீடியோவில் பார்த்தபடி, எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி, வலப்பக்கம் திருப்பி நான்கு சக்கரங்களையும் முடுக்கினார். இடது பக்கத்து நட்டுகள் முதலில் முரண்டு பிடித்து, பிறகு சுகமாகச் சுற்றின. அடேயப்பா, எவ்வளவு லூசாக இருந்திருக்கிறது!

பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஊர்வலம் கிளம்பியது. சுப்பையன் சம்பந்தியம்மாளுடன் பின்னால் ஓட்டிவந்தார். தனபால் காரின் இடது சக்கரம் இப்போது ஆடும், இப்போது ஆடும் என்று பார்த்துக்கொண்டே வந்தார். அது ஆடுகிற வழியாகவே இல்லை.

மண்டபத்து இறக்கத்தில் 'டமால்' என்று சுப்பையனின் கார் சாய்ந்தது. இடது முன்சக்கரம் கழன்று, மாப்பிள்ளை காரை முந்திக்கொண்டு போய் மேளக்காரர்கள் நடுவே விழுந்தது. நல்லவேளை, அடிபட்டது சுப்பையனின் மானத்துக்கு மட்டும்தான்.

தனபால் ஓடி வந்தார். "நட்டை ஆருங்க மச்சான் தொட்டது?"

"நான்தான் மாப்ள. வலப்பக்கம் திருப்பி நல்லா முடுக்குனேனே!"

"அட என்னங்க நீங்க! இந்த வண்டிக்கு இடது பக்கத்து நட்டு மட்டும் தலைகீழுங்க. வலப்பக்கம் திருப்புனா கழலும், இடப்பக்கம் திருப்புனாத்தான் இறுகும்."

சுப்பையன் தனபால் காரின் இடது முன்சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"என் கூத்தைக் கேளுங்க. காலைல டயர் மாத்திட்டு, இடது முன்சக்கரத்து நட்டைக் கையால திருகி உட்டதோட மறந்துட்டனுங்க. கோயில்ல நெனப்பு வந்து பாத்தா, எவனோ ஸ்பேனர் போட்டுக் கிண்ணுனு இறுக்கி வெச்சிருக்கான். இல்லீனா மாப்பிள்ளையோட கவுந்திருப்போம். அந்தப் புண்ணியவான் ஆருன்னு தெரிஞ்சா, மாலை போட்டுக் கும்புடுவனுங்க."

"கும்புட்டுக்கிம்புட்டுத் தொலைச்சறாதீங்க மாப்ள, அவன் கடைஞ்செடுத்த முட்டாள்" என்றார் சுப்பையன்.