பதில் சல்யூட்

"தோள்ல ஒண்ணுமே இல்லாத ஆளுக்கும் பதில் சல்யூட் உண்டுதானே, தம்பி?"

காலையிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார் பேக்கரிக்காரர். உடை மாற்றும் அறையில் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த தபால்காரருக்கு அலுத்துவிட்டது.

"உண்டுண்ணே. நாம அடிச்சா எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் திருப்பி அடிச்சே ஆகணும். பிடிக்குதோ பிடிக்கலையோ, விதி அப்படி."

"பிடிக்கலேன்னாலும்?"

பேக்கரிக்காரர் முகத்தில் அடுப்பைத் திறந்த மாதிரி ஒரு வெளிச்சம்.

தீயணைப்புத் துணைப்படையில் தொண்டர்களாகச் சேர்ந்த இருவருக்கும் அன்றுதான் முதல் அணிவகுப்பு. பழைய ஆட்களின் தோள்பட்டியில் கோடு, நட்சத்திரம் என்று ஏதாவது இருந்தது. புதியவர்களுக்கு வெறும் நீலத் துணி. முகவரி எழுதாத கவர் மாதிரி இருக்கிறதே என்று தபால்காரர் குறைப்பட்டுக்கொண்டார். பேக்கரிக்காரருக்கோ தலைகால் புரியவில்லை. அந்தத் துணியைத் தடவித் தடவிப் பார்த்தார். கண்ணாடி முன் நின்று கையை நெற்றிக்கு உயர்த்தினார். திருப்தியில்லாமல் மறுபடி உயர்த்தினார்.

விடியுமுன் எழுந்து மாவு பிசைகிற மனுஷனுக்கு, அதுவும் இந்த வயதில், இதெல்லாம் எதற்கு என்று தபால்காரர் கிண்டிப் பார்த்தார். சல்யூட் அடிக்க ரொம்ப நாளாக ஆசை என்பதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை.

"தாராளமா அடிங்க. ஆனா பட்டியில பட்டன் சரியா இல்லேன்னா கண்டுக்காமத் தாண்டிப் போயிடுவாங்க. அப்ப பதிலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

வெளியே விசில் ஒலித்தது. பதற்றத்தில் பேக்கரிக்காரர் பட்டியை இழுத்துச் சரிசெய்ய, பட்டன் தெறித்து பெஞ்சுக்கு அடியில் ஓடியது.

"போச்சு, தம்பி" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெரிய மனிதர் கண் கலங்குவதைப் பார்த்ததும் தபால்காரர் கேலியை விட்டுவிட்டுத் தரையில் படுத்துத் துழாவினார். தபால் பை கிழிந்தால் தைப்பதற்கென்று வைத்திருந்த ஊசிநூல் கைகொடுத்தது.

"ஆடாம நில்லுங்கண்ணே. தோளோட சேர்த்துத் தைச்சிடப்போறேன்."

ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள். அணித்தலைவி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். தோளில் நட்சத்திரங்கள், முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. பேக்கரிக்காரர் முன்னால் வந்ததும் அந்தப் பூட்ஸ் கால்கள் சட்டென்று நின்றன.

பேக்கரிக்காரர் சல்யூட் அடித்தார். கையை இறக்காமல் நின்றார்.

தலைவியின் பார்வை வெறும் நீலப் பட்டியில் நிலைத்தது. கை உடனே எழவில்லை. பிறகு, மெல்ல, விறைப்பாக நெற்றிக்குப் போனது, இறங்கியது.

விதி அதோடு முடிந்தது. அடுத்த ஆளிடம் நகர்ந்திருக்கலாம். நகரவில்லை.

"பிரஷர் மாத்திரை போட்டீங்களாப்பா?" என்றாள், மூன்று வருஷமாக அவரோடு ஒரு வார்த்தை பேசாத மகள்.